பாயிற் கிடந்து மாண்ட வீரன்

விழா மலர்களிற் பழைய மாணவர் வரையும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வன. ஆசிரியப் பெருந்தகைகளின் கண்டிப்பும் கனிவும், விடுதிச் சாப்பாட்டின் சிறப்புக்களும் குறைகளும், துடுப்பாட்டப் போட்டிகளில் ஈட்டிய வெற்றிகள், நவராத்திரி விழா, பரீட்சைப் பெறுபேறு வந்த நாள் என்றிவை எத்துணை முறை எழுதப்படினும் படிப்போர்க்குத் தெவிட்டுவதில்லை. இம்மலரிலும் அவற்றை எழுதவல்லார் பலர் உளர். ஆதலின் அப்பணியை அவர்களிடம் விடுத்து, யாம் வேறொரு நாட்டில், வேறொரு பாடசாலையிற் பயின்ற மாணவன் ஒருவனைப் பற்றி இங்கு வரைய விழைந்தோம். அவன் போருக்குச் சென்றான், புகழ் பெற்றான், சிறைப்பட்டான், போர் முடிந்தபின் வீடு திரும்பினான், திரும்பி மூன்று கிழமை கழியுமுன்னே காய்ச்சலில் மாண்டான். அத்தகையோனை எவ்வாறு நினைத்தல் தகும் என்னும் வினா எம்மை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகின்றது. அவ்வினா நம் கல்லூரிக்கும் உரியதே என்பதை, இதனைப் படித்து முடிக்கும் அன்பர் உணர்வர் என நம்புகின்றோம்.

வில்லியம் லீஃப் றொபின்சன் என்பது அவன் பெயர். 1895ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆந் திகதி, காவிரி தோன்றும் குடகு நாட்டிலே, பொல்லிபெட்டா என்னும் ஊரை அடுத்த கோப்பித் தோட்டமொன்றிற் பிறந்தான். தந்தை அத்தோட்டத்துத் துரை. பிள்ளைகள் எழுவருள் இவனே கடைக்குட்டி. இளமையிற் சில காலம் பெங்களூரிலுள்ள பிஷப் கொட்டன் ஆண்கள் பாடசாலையிற் கற்றான்.

1865ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அப்பாடசாலை தமிழராகிய நமக்கு முற்றும் அந்நியமானதன்று. திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து மேனாட்டார்க்கு அளித்த போப் ஐயர், 1871 முதல் 1882 வரை அதன் தலைமைப் பொறுப்பை வகித்தவர். றொபின்சன் அங்கு சேர்ந்த காலத்தில் அப்பெரியார் இங்கிலாந்து சென்று பல்லாண்டு ஆகியிருந்தன. எனினும், தமிழுக்குத் தொண்டு செய்த ஒருவர் நடத்திய பள்ளியின் முற்றத்தில் இச்சிறுவனும் ஓடி விளையாடினான் என்று எண்ணும்போது அவன் நமக்குச் சிறிது அணித்தாக வந்து நிற்கின்றான்.

1909ஆம் ஆண்டில் அவன் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள சென்ற் பீஸ் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். அவன் தமையன் ஹரல்டும் அங்கேயே கற்றவன். இளையவன் அங்கு இல்லத் தலைவனாயும், றக்பி ஆட்டக் குழுவில் ஒருவனாயும், மாணவர் படையிற் சார்ஜன்ராயும் விளங்கினான். எந்தக் கல்லூரியிலும் ஆண்டுதோறும் இத்தகைய மாணவர் இருவர் மூவரைக் காணலாம். ஆசிரியர்க்கு உவப்பானவர், சிறுவர் பின்தொடர விரும்புபவர், மைதானத்திலே பெயர் எடுத்தவர். நம் கல்லூரிப் புகைப்படங்களிற் கைகட்டி நடுவில் அமர்ந்திருக்கும் இளைஞர் முகங்களைப் பார்க்கும்பொழுதெல்லாம் அவன் முகமும் இவ்வாறே இருந்திருக்கும் என யாம் எண்ணுவதுண்டு.

1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. அம்மாதமே அவன் சான்ட்ஹேர்ஸ்ட் படைக் கல்லூரியிற் சேர்ந்து, ஆண்டு முடியுமுன் வூஸ்ரர்ஷயர் காலாட்படையில் அதிகாரியானான். அடுத்த ஆண்டு விமானப் படைக்கு மாறி, விமானியின் உடன் பறந்து பகைவர் நிலைகளைக் கண்டு குறிப்பவனாகப் பிரான்சுக்குச் சென்றான். அங்கே கையிற் காயமுற்றான். காயம் ஆறியதும் தானே விமானம் ஓட்டப் பழகினான். இலண்டன் நகரைக் காக்கும் 39ஆம் விமானப் படைப்பிரிவில் அவனுக்கு இடங் கிடைத்தது. 1916ஆம் ஆண்டில், தமையன் ஹரல்ட் மெசொப்பொத்தேமியாப் போர்முனையில் மாண்டான் என்ற செய்தி குடும்பத்துக்கு எட்டியது.

அந்நாளில் இலண்டன் மக்கள் எதற்கு அஞ்சினர் என்பதை இன்றைய மாணவர்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். ஜேர்மனியரிடம் ஆகாயக் கப்பல்கள் இருந்தன. ஐந்நூறு அடிக்கு மேல் நீளமுடைய கூடு ஒன்றினுள் ஐதரசன் வாயுவை நிரப்பிய பைகளை வைத்து, கீழே இயந்திரங்களையும் குண்டுகளையும் கட்டிப் பறக்கவிடுவர். 1915ஆம் ஆண்டு தொடக்கம் இவை இரவிலே கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் நகரங்கள்மீது குண்டு பொழிந்தன. உறங்கும் குழந்தைகளும் முதியோரும் மாண்டனர். ஆகாயத்திலிருந்து ஊர்மீது இறங்கும் சாவு எத்தகையது என்பதை நம் நாட்டவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐதரசன் எளிதிற் தீப்பற்றும் வாயு என்பதைப் பௌதிக இரசாயன வகுப்பிற் கற்றோம். அங்ஙனமாயின் ஒரு துப்பாக்கிக் குண்டு போதாதோ என்று வினவலாம். போதாது. வாயு காற்றோடு கலந்தாலன்றித் தீப்பற்றுவதில்லை. சாதாரணக் குண்டு பையிற் சிறு துளையிட்டு மறுபுறம் போய்விடும். அத்துளை வழியே வாயு மெல்லக் கசியுமேயன்றிக் கப்பலுக்குக் கேடு வராது. 1916ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பையைக் கிழித்து வெடிக்கும் குண்டுகளையும், எரிந்துகொண்டே செல்லும் குண்டுகளையும் கலந்து வழங்கும் முறை வந்தது. இருளிலே பறந்து, பல்லாயிரம் அடி உயரம் ஏறி, பகைக் கப்பலைக் கண்டுபிடித்து, அருகிற் சென்று சுடுதல் மட்டுமே எஞ்சிய வேலை. அது சிறு வேலையன்று. அக்காலத்து விமானங்கள் மரச்சட்டமும் துணியும் கொண்டு கட்டப்பட்டவை. பன்னீராயிரம் அடி ஏறுவதற்கு ஒரு மணிக்கு அண்மையான நேரஞ் செல்லும். இரவிற் தரையிறங்கும்போது மோதி மாண்ட விமானிகள் பலர்.

1916 செப்ரெம்பர் 2ஆந் திகதி இரவு 16 ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டன. அப்போரில் ஓரிரவில் வந்த மிகப் பெரிய கப்பற்கூட்டம் அதுவே. இரவு பதினொரு மணி கழிந்ததும் றொபின்சன் தனியே விமானமேறினான். ஒரு கப்பலைக் கண்டு தொடர்ந்தான். அது மேகத்துள் மறைந்தது. இரண்டு மணியளவில் மற்றொன்றைக் கண்டான். அதன் பெயர் எஸ். எல். 11. தேடொளி விளக்குகள் அதனைச் சூழ்ந்திருந்தன. கீழிருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருந்தன. தன்னவர் பீரங்கிக் குண்டே தன்னை வீழ்த்தக்கூடும் என்பதைப் பொருட்படுத்தாது அவன் அணுகினான். கப்பலின் அடிப்பக்கமாக நீளத்துக்கும் பறந்து, ஒரு வட்டப் பெட்டியிலிருந்த தோட்டாக்களை முழுவதும் சுட்டான். பயனில்லை. பக்கவாட்டில் நின்று இரண்டாவது பெட்டியைச் சுட்டான். அதுவும் பயனளிக்கவில்லை. மூன்றாவது பெட்டியைப் பொருத்தி, பின்புறத்தே ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்டான். பெட்டி தீருமுன்னே அவ்விடம் சிவந்து ஒளிர்ந்தது. அடுத்த கணத்திற் கப்பல் முழுவதும் தீப்பிழம்பாயிற்று.

அவ்வொளியைப் பல மைல்களுக்கு அப்பாலிருந்த மக்களும் கண்டனர். இலண்டன் நகரத்தார் நள்ளிரவிலே தெருவில் இறங்கி ஆர்ப்பரித்தனர், பாடினர், முன்பின் அறியாதாரைத் தழுவிக்கொண்டனர். எரிந்த கப்பல் ஹேற்வட்ஷயர் மாகாணத்துக் கவ்லி என்னும் சிற்றூரில் வீழ்ந்தது. அதிலிருந்த 16 பேரும் மாண்டனர். அவர்களுக்குத் தலைவராயிருந்த வில்ஹெல்ம் சிராம் என்பவர் இலண்டனை அடுத்த சார்ள்டன் பகுதியிற் பிறந்தவர் என்பதை இங்குக் குறித்தல் தகும். பிறந்த ஊர்மேற் குண்டு பொழிய வந்து, அவ்வூரின் எல்லையிலேயே எரிந்து வீழ்ந்தார். இறந்த பதினாறு பேரும் அருகிலுள்ள பொற்றர்ஸ் பார் என்னும் ஊரில் அடக்கஞ் செய்யப்பட்டு, பிற்காலத்திற் கனொக் சேஸ் என்னுமிடத்திலுள்ள ஜேர்மானியர் இடுகாட்டுக்கு மாற்றப்பெற்றனர். ஒரு பக்கத்து ஆரவாரத்தைச் சொல்லும்போது மறுபக்கத்துச் சாவை மறைத்தல் முறையன்று.

பிரித்தானிய மண்மேல் ஆகாயக் கப்பலொன்றைச் சுட்டு வீழ்த்திய முதல் விமானி றொபின்சனே. இரண்டே நாட்களில், செப்ரெம்பர் 5ஆந் திகதி, விக்ரோறியாச் சிலுவை என்னும் உயர்ந்த வீரப்பதக்கம் அவனுக்கு அறிவிக்கப்பட்டது. செல்வர் பலர் அறிவித்திருந்த பரிசுத்தொகை 3,500 பவுண் அவனைச் சேர்ந்தது. அப்பொழுது அவனுக்கு வயது 21. தெருவில் இறங்கினால் மக்கள் மொய்த்தனர். பத்திரிகைகள் அவன் படத்தை நாள்தோறும் வெளியிட்டன. இன்று பந்தடி வீரருக்கும் திரைப்பட நடிகருக்கும் கிடைக்கும் புகழ் அன்று அவனுக்குக் கிடைத்தது.

அவன் விரும்பியிருந்தால் அப்புகழின் நிழலிலே போர் முடியும்வரை இருந்திருக்கலாம். ஆனால் அவன் போர்முனைக்குச் செல்ல வேண்டினான். 1917ஆம் ஆண்டில் 48ஆம் படைப்பிரிவின் ஒரு பகுதிக்குத் தலைவனாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டான். ஏப்பிரல் 5ஆந் திகதி ஆறு புதிய பிறிஸ்ரல் விமானங்களுக்குத் தலைமை தாங்கிப் பகைவர் எல்லைமீது பறந்தான். அவ்வகை விமானம் போர்முனையிற் பறந்த முதல் நாட்கள் அவை. அதனை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பதை எவரும் செவ்வனே அறிந்திலர். மன்பிறட் வொன் றிக்ற்கோவன் தலைமையில் வந்த ஜேர்மானியர் அவர்களை எதிர்கொண்டனர். ஆறிலே நான்கு வீழ்ந்தன. வீழ்ந்தவற்றுள் றொபின்சனின் விமானமும் ஒன்று. முதலில் அவன் இறந்தான் என்றே அஞ்சினர். உண்மையிற் சிறைப்பட்டிருந்தான்.

அதன்பின் அவன் வாழ்வில் இருபது மாதங்கள் போர்க் கைதிகள் முகாம்களிற் கழிந்தன. பிறைபேர்க், சோண்டோவ், கிளவ்ஸ்தால், ஹொல்ஸ்மின்டன் என முகாமுக்கு முகாம் மாற்றப்பட்டான். பலமுறை தப்ப முயன்றான், ஒவ்வொரு முறையும் பிடிபட்டான், தனிச்சிறையில் அடைக்கப்பட்டான். ஆகாயக் கப்பலை எரித்தவன் என்பது தெரிந்திருந்தமையால் அவன்மேற் காவலர் கண் என்றும் இருந்தது. ஹொல்ஸ்மின்டன் முகாமின் தலைவர் காள் நீமேயர் கைதிகளை வருத்துவதிற் பெயர் பெற்றவர். அம்முகாமிலிருந்துதான் 1918 யூலை மாதத்தில் 29 அதிகாரிகள் தாம் தோண்டிய சுரங்கத்தின் வழியே வெளியேறினர். அவருட் பத்துப் பேர் ஒல்லாந்து எல்லையைக் கடந்து விடுதலை பெற்றனர். அந்த முகாமின் வாழ்வு எத்தகையது என்பதற்கு அம்முயற்சியே சான்று. றொபின்சனின் உடல் நாளுக்கு நாள் மெலிந்தது.

1918 நவெம்பர் 11ஆந் திகதி போர் ஓய்ந்தது. டிசெம்பர் நடுப்பகுதியில் அவன் இங்கிலாந்து சேர்ந்தான். ஸ்ரன்மோர் என்னும் ஊரில் தமக்கையின் வீட்டில் நத்தாரைக் கழித்தான். அங்கேயே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மெலிந்திருந்த உடல் அதனைத் தாங்கவில்லை. டிசெம்பர் 31ஆந் திகதி, ஆண்டின் கடைசி நாளில், 23ஆம் வயதில் உயிர் நீத்தான். பன்னீராயிரம் அடி உயரத்தில் மூன்று முறை பகையை அணுகித் தப்பியவன், றிக்ற்கோவனின் கூட்டத்திடமிருந்து உயிரோடு இறங்கியவன், தனிச்சிறையிற் சாகாதவன். அவனைத் தமக்கை வீட்டுப் படுக்கையிற் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

1919 சனவரி 3ஆந் திகதி ஹரோ வீல்ட் என்னுமிடத்தில் அவனை அடக்கஞ் செய்தனர். ஆயிரக்கணக்கானோர் வழியெங்கும் நின்றனர். மேலே பறந்த விமானங்களிலிருந்து மலர்வளையம் இடப்பட்டது. 1921ஆம் ஆண்டில், கப்பல் வீழ்ந்த கவ்லியிலே, டெயிலி எக்ஸ்பிறஸ் பத்திரிகை வாசகர் பணத்தில் ஒரு நினைவுத்தூண் நாட்டப்பட்டது.

இனி எம் வினாவுக்கு வருவோம். யாம் மேல்வகுப்பிற் புறநானூறு கற்ற காலத்தில், ஒளவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய பாட்டொன்றை எம் தமிழாசிரியர் விளக்கினார். அப்பாட்டினால் நாம் அறிவது ஒரு பழைய வழக்கம். அரசர் போரிற் படாது நோயினால் இறப்பாராயின், அவர் உடலைத் தருப்பைப் புல்லின்மேற் கிடத்தி, வாளாற் போழ்ந்தே அடக்கஞ் செய்வர். வாட்புண் பெற்றவரே வீரர் செல்லும் உலகம் புகுவர் என்பது அக்கால நம்பிக்கை. நோயால் இறத்தல் வீரக்குடிக்கு இழுக்கு. அவ்விழுக்கைப் பிணத்தின்மீது வாளோச்சி நீக்கினர். அதியமானோ களத்திலே புண்பட்டு நின்றான். ஆகவே அவனுக்கு அவ்வழக்கம் வேண்டுவதில்லையாயிற்று.

வகுப்பில் அன்று பெரும் விவாதம் நிகழ்ந்தது. "செத்த பின் வெட்டினால் அது வீரமாகுமா, பண்டிதர் ஐயா?" என்று ஒருவன் வினவினான். மற்றொருவன், அது வெறும் மூடநம்பிக்கை என்றான். ஆசிரியர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பிமாரே, அந்த வாளை ஓங்கியவன் யார் என்று நினைத்துப் பாருங்கள். பகைவனல்லன், அன்புடையவன். எங்கள் ஆளுக்கும் அந்த உலகத்திலே ஓரிடம் கிடைக்கவேண்டும் என்ற ஏக்கந்தான் அந்த வாள்" என்றார். அவ்விளக்கம் உரைகளிற் கண்டதன்று. அவர் நெஞ்சிற் கண்டது. றொபின்சனின் வரலாற்றைப் பிற்காலத்திற் படித்தபோது எமக்கு அச்சொற்களே நினைவுக்கு வந்தன.

நோயில் மாண்டவனைக் களத்தில் மாண்டவனோடு ஒப்பவைத்தல் தகுமோ? இதற்கு விடை காண்பதற்கு அந்த நோய் யாது என்பதை அறிதல் வேண்டும். 1918ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் உலகைச் சூழ்ந்த இன்புளுவென்சாக் காய்ச்சல் ஏறக்குறைய 50 கோடி மக்களைப் பற்றியது எனவும், 5 கோடிப் பேரளவில் மாண்டனர் எனவும் அறிஞர் மதிப்பிடுவர். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மடிந்தனர். இலங்கையும் தப்பவில்லை. சாதாரணக் காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையுமே பெரும்பாலும் கொல்லும். இதுவோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரைத் தேடிக் கொன்றது. காய்ச்சலின் பின்னே நியூமோனியா வந்து நெஞ்சை அடைத்தது. அதற்குரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அன்று இல்லை. நோய்க்குக் காரணமாகிய வைரசு மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டதே 1933ஆம் ஆண்டில்தான்.

இந்நோய் போரோடு தொடர்பற்றதன்று. படைமுகாம்களில் இளைஞர் நெருக்கமாகக் கிடந்தனர். கப்பல்களிலும் புகைவண்டிகளிலும் இலட்சக்கணக்கிற் கண்டம் விட்டுக் கண்டம் சென்றனர். அவர்களோடு நோயும் சென்றது. குறைந்த உணவும் சிறைவாழ்வும் உடலின் வலியை முன்னரே உறிஞ்சிவிட்டன. குண்டு செய்யாது விட்டதைக் காய்ச்சல் செய்து முடித்தது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றைக் கண்ட இன்றைய மாணவர், முதியோர் சொல்லக் கேட்டு அறியவேண்டிய நிலையில் இல்லை. மூடிய கதவுகளையும் உறவினரின்றி நடந்த ஈமக்கிரியைகளையும் தாமே கண்டவர்.

றொபின்சன் தனியன் அல்லன். கனடா நாட்டு மனிரோபா மாகாணத்து ஸ்ரோன்வோல் என்னும் ஊரினனாகிய அலன் மக்லியோட் என்ற விமானி, 1918 மார்ச் மாதத்திற் பகை விமானங்கள் எட்டனோடு பொருது, தன் விமானம் தீப்பற்றியபோது இருக்கையை விட்டு இறக்கையின்மேல் நின்றபடியே அதனைச் செலுத்தி இறக்கினான். தானும் புண்பட்டிருந்தும் உடன்சென்ற தோழனை எரியும் விமானத்திலிருந்து இழுத்து மீட்டான். அவனுக்கும் விக்ரோறியாச் சிலுவை கிடைத்தது. உடல் தேற ஊருக்கு அனுப்பப்பட்டவன், போர் ஓய்வதற்கு ஐந்து நாட்களுக்கு முன், நவெம்பர் 6ஆந் திகதி, அதே காய்ச்சலில் மாண்டான். வயது 19. நம் கல்லூரியில் அவ்வயதினர் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையின் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பர்.

போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பேணுதற்கு 1917ஆம் ஆண்டில் ஓர் ஆணைக்குழு நிறுவப்பெற்றது. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு என்று இன்று வழங்குவது அதுவே. திருகோணமலையில் நிலாவெளி வீதியருகேயும், கண்டியிலும், இரண்டாம் உலகப் போரில் இறந்தோர்க்கான அதன் இடுகாடுகள் உள. முதலாம் உலகப் போரைப் பொறுத்தவரை, 1914 ஓகஸ்ட் 4 தொடக்கம் 1921 ஓகஸ்ட் 31 வரை படைச் சேவையில் இருந்து இறந்தோர் யாவரையும், எவ்வாறு இறந்தனர் என்று பாராது, அது தன் ஏட்டிற் சேர்த்துக்கொண்டது. குண்டுபட்டோர், கப்பலோடு மூழ்கினோர், காய்ச்சலில் மாண்டோர் எல்லோர்க்கும் ஒரே ஏடு. பதவியால் உயர்வு தாழ்வு கருதிக் கல்லின் அளவை வேறுபடுத்தலும் ஆகாதென விதித்தது.

திருகோணமலை இடுகாட்டுக்கு யாம் ஒருமுறை சென்றிருந்தோம். புல்வெளி செப்பமாக வெட்டப்பட்டிருந்தது. கற்கள் வரிசையாக நின்றன. பெயரும் படைப்பிரிவும் திகதியும் வயதும் அவற்றில் இருந்தன. எதனால் இறந்தான் என்பது இல்லை. நம் முன்னோர் நடுகல்லுக்கு ஏற்ற கல்லைக் காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு துறை வகுத்தனர். தொல்காப்பியம் அதனைக் கூறும். அவ்வரிசைகளின் நடுவே நின்றபோது, பண்டைத் தமிழர் வாளாற் செய்ய விரும்பியதை இவர்கள் உளியாற் செய்துவிட்டனர் என எமக்குத் தோன்றியது. நோயில் மாண்டவனுக்கும் வீரர் வரிசையில் ஓரிடம் கிடைத்துவிட்டது. அதற்காக எவர் உடலும் போழப்படவில்லை.

இவ்வளவும் எழுதியதன் நோக்கத்தை இனிச் சொல்லுதல் கடன். நம் நாட்டில் 1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போரின்போது உயிர்நீத்த பழைய மாணவர், ஆசிரியர் பெயர்களைக் கல்லிற் பொறித்து மண்டபத்தில் வைப்பதென விழாச் சபையார் தீர்மானித்துள்ளனர். மிக நல்ல தீர்மானம். அதற்கான பட்டியலைத் தயாரிக்கும் குழுவில் எம்மையும் சேர்த்துக்கொண்டனர். பெயர்கள் வந்து குவிந்தன. கல் சிறிது, பெயர்கள் பல. எங்கேனும் ஒரு கோடு கீறவேண்டும் என்றார் சிலர். குண்டினாலும் எறிகணையினாலும் மாண்டோரை மட்டும் சேர்ப்போம், நோயால் இறந்தோரைச் சேர்க்கத் தொடங்கின் முடிவிராது என்பது அவர் கருத்து. அவர்கள் அன்பில்லாது அவ்வாறு கூறினாரல்லர். கல்லின் நீள அகலத்தை அளந்து பார்த்துக் கூறினர்.

அக்கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட பெயர்களுள் எம் வகுப்புத் தோழர் ஒருவர் பெயரும் இருந்தது. அவர் ஆயுதம் ஏந்தியவரல்லர். வன்னியிலே ஒரு சிறு வைத்தியசாலையில் உதவி வைத்தியராயிருந்தார். 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் அங்கு வந்து குவிந்த மக்களிடையே மலேரியா பரவியது. மருந்து அரிது, நுளம்புவலை அதனினும் அரிது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற உறவினர் ஒருவர் கையில் அவர் எமக்கு அனுப்பிய கடிதத்தில், பகலில் 200 பேரைப் பார்ப்பதாகவும், இரவில் விளக்குக்கு எண்ணெய் இல்லாமையால் மட்டுமே உறங்குவதாகவும் எழுதியிருந்தார். அடுத்து வந்த மாரியில் அவரையே அக்காய்ச்சல் பற்றியது. மூளைக்கு ஏறிவிட்டது என்றனர். நோயாளருக்கு விரித்த பாய்களுள் ஒன்றிலேயே அவரும் கிடந்து மாண்டார். பின்பு, 2016ஆம் ஆண்டில், இலங்கையில் மலேரியா முற்றாக ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அன்று முழுவதும் யாம் வேறொன்றும் படிக்கவில்லை.

அவர் பெயர் கல்லில் இடம்பெறாதெனின் அவர் மனைவி மக்கள் முறையிடப் போவதில்லை, அவர்கள் அத்தகையோரல்லர். ஆனால் அம்மண்டபத்தின் வழியே நாள்தோறும் செல்லப்போகும் சிறுவன் ஒருவன், வெடித்துச் சிதறியதே சாவு, மற்றையது சாவன்று என்று அக்கல்லிலிருந்து கற்றுக்கொள்வான். போர் என்பது வெடிச்சத்தம் மாத்திரமே என்று அவன் எண்ணுவான். மருந்து வராத வீதியும், வற்றிய கிணறும், இன்சுலின் இன்றி மாண்ட ஆசிரியரும், சுருதி குலையாது தேவாரம் பாடி முகாமிற் காய்ச்சலோடு கிடந்த முதியவரும் போரின் கணக்கிற் சேராது போவர். அது மெய்யான வரலாறு ஆகாது.

கல் சிறிதாயின் எழுத்தைச் சிறிதாக்கலாம். அதுவும் போதாதாயின் இரண்டாவது கல் வாங்கலாம். அதன் செலவிற் பங்கேற்க எம் வகுப்பினர் ஆயத்தமாயுள்ளனர் என்பதைச் சபையார்க்கு எழுத்தில் அறிவித்துள்ளோம். வேண்டுவது ஒன்றே. பெயரும், கல்லூரியில் இருந்த ஆண்டுகளும், இறந்த ஆண்டும் மட்டும் பொறிக்கப்படுக. எதனால் என்ற சொல் வேண்டா. பெயர்கள் இறந்த முறைப்படியன்றி அகர வரிசைப்படி நிற்க. சபையார் இன்னும் முடிவு செய்திலர். இம்மலர் அன்பர்கள் கையிற் சேரும் வேளையிற் கல் சிற்பியிடம் சென்றிராது என அறிகின்றோம். ஆகவே பழைய மாணவர்கள் தம் கருத்தை எழுதியனுப்புதற்கு இன்னும் நாள் உண்டு. எம்மோடு உடன்படாதோரும் எழுதுக. அவர்தம் காரணங்களையும் சபை கேட்டல் நன்று.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்று கூறுவோம். இலண்டனின் இருண்ட வானிலே பெருந்தீயை மூட்டியவனை உலகம் ஒரே இரவில் அறிந்துகொண்டது. விளக்கெண்ணெய் தீர்ந்த ஓர் அறையில் நாடி பிடித்துக்கொண்டிருந்தவரை எவரும் அறிந்திலர். இருவரையும் ஈற்றிற் கொண்டுசென்றது காய்ச்சலே. நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும், எங்கு வாழ்ந்தாலும், உங்களோடு ஒரு வாங்கில் இருந்து படித்தவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை விசாரித்து அறியுங்கள்; அறிந்ததை எழுதி வையுங்கள். கல்லூரித் தாய் தன் பிள்ளைகளை அவரவர் பெயராலேயே அறிவாள். அவள் நீடு வாழ்க.